கண்ணாடியில் ஒரு கல்யாணம்: மோகினியையும் அரவானையும் வரைந்த அனுபவம்

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி எந்தச் செய்தித்தாளைப் புரட்டினாலும் கூவாகம் இருக்கும். வெள்ளைப் புடவை, அறுத்த தாலிக்கயிறு, தரையில் சிதறிய வளையல் துண்டுகள், தலைவிரி கோலமாக அழுகிற ஒரு திருநங்கை. வருடா வருடம் அதே படம்தான். அதற்கு முந்தின இரவு நாங்கள் பட்டுடுத்தி, கை நிறைய வளையல் அடுக்கி, மல்லிகை வைத்து, கூத்தாண்டவர் கோயிலில் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறோம். அந்த இரவை ஒரு வீட்டுச் சுவரில் மாட்டுகிற படமாக நான் எங்கும் பார்த்ததில்லை. எங்கள் தாலியறுப்பை ஊரே பார்த்திருக்கிறது. எங்கள் கல்யாணத்தை நாங்களாவது சுவரில் மாட்டிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

அதனால் அந்தக் கல்யாணத்தைத் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியமாகச் செய்து, ஜமாத்தில், அதாவது எங்கள் திருநங்கையர் குடும்ப அமைப்பில், என்னை மகளாக எடுத்துக்கொண்ட அம்மாவின் வீட்டில் மாட்டலாம் என்று தீர்மானித்தேன். அதை எப்படிச் செய்தேன் என்பதுதான் இந்தப் பதிவு. கண்ணாடியில் வரைய நினைக்கிறவர்களுக்கும், தங்கள் வாழ்க்கையை நம் ஊர்க் கலை ஒன்றுக்குள் கொண்டுவர நினைக்கிற பால்புதுமையர் (க்வியர்) நண்பர்களுக்கும் இதில் ஏதாவது பயன்படும் என்று நம்புகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாரதப் போரில் பாண்டவர் ஜெயிக்க வேண்டுமானால் 32 இலட்சணமும் பொருந்திய ஒருவரைக் காளிக்குக் களப்பலி கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் மூன்றே பேர்: கிருஷ்ணர், அர்ஜுனன், அர்ஜுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த அரவான். இந்த அரவானைத்தான் கூத்தாண்டவர் என்று கும்பிடுகிறோம். அரவான் சம்மதிக்கிறான். ஆனால் கல்யாணம் ஆகாமல் சாக மாட்டேன் என்கிறான். விடிந்தால் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கிருஷ்ணரே மோகினியாக வந்து அவனைக் கட்டிக்கொள்கிறார். களப்பலிக் கதை 9ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவிலேயே இருக்கிறது. மோகினியின் கல்யாணத்தை நாங்கள் கேட்டது தெருக்கூத்திலும் எங்கள் பெரியவர்கள் வாயிலும்தான். உளுந்தூர்ப்பேட்டை பக்கத்தில், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் கூவாகத்தில் 18 நாள் திருவிழாவாக அது நடக்கிறது.

ஏன் கண்ணாடி ஓவியம் என்று கேட்டார்கள். தஞ்சாவூர் ஓவியம் என்றால் பலகையில் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டிய படம் எல்லாருக்கும் ஞாபகம் வரும். கண்ணாடி ஓவியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைந்து முன்பக்கமாகப் பார்க்கிற முறை இது. 18ஆம் நூற்றாண்டில் சீனாவோடு நடந்த கடல் வணிகத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்தது. மராத்தியர் ஆண்ட தஞ்சாவூரில், அதிலும் இரண்டாம் சரபோஜியின் காலத்தில் (1798–1832), நன்றாக வேர்விட்டது. ராமர் பட்டாபிஷேகம், வெண்ணெய்க் கிருஷ்ணன், ராஜா ராணி, பெயர் எழுதாத நாட்டியப் பெண்கள் என்று எல்லாரும் கண்ணாடிக்குள் வந்தார்கள். பிறகு அச்சுப் படங்கள் மலிவாக வந்து இந்தத் தொழிலின் வயிற்றில் அடித்தன. எனக்கு இந்த வரலாறு முக்கியம். கப்பலில் வந்த ஒரு கலை நம் சாமிகளை ஏற்றுக்கொண்டு, சில தலைமுறைக்குள் நம் பாரம்பரியம் என்று பேர் வாங்கிவிட்டது. கூத்தாண்டவர் கல்யாணமோ இந்த மண்ணிலேயே விளைந்த கதை. ஆகவே, பாரம்பரியக் கலைக்குள் இதையெல்லாம் எதற்குக் கொண்டுவருகிறாய் என்று கேட்பவர்களுக்கு என் பதில் நேரானது: இந்தக் கதை அந்தக் கண்ணாடியைவிடப் பழையது.

இன்னொரு காரணமும் உண்டு. கூவாகத்தில் உடைபடுவதும் கண்ணாடிதான். தேர் அரவான் பலியாகும் இடமான அழிகளத்துக்குப் போனதும் கைவளையல்களை உடைப்பார்கள். உடையாத கண்ணாடியில் அந்தக் கல்யாணம் இருக்க வேண்டும், படத்திலும் நிஜ வளையல்கள் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அழிகளத்தில் கிடக்கிற துண்டுகளைப் பொறுக்கிப் படத்தில் பதிக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "அது சாவுக்குக் குடுத்தது. குடுத்ததைத் திரும்ப எடுத்து வீட்டுக்குள்ள கொண்டாருவியா?" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. எங்கள் சடங்கை வைத்துக் கலை செய்ய வருகிற வெளியாட்கள் பலருக்கும் இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆசைப்படுகிறேன். அம்மா உள்ளே போய்த் தன் வளையல் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். கல்யாணத்துக்குக் கல்யாண வளையல் போதும் என்றார்.

முதலில் வரைபடம். கூவாகத்தில் கும்பிடப்படுவது அரவானின் சிரசு. பெரிய கண்களும் முறுக்கு மீசையும் உள்ள அந்த முகம்தான் எங்கள் மனதில் இருக்கிறது. திருவிழாவில் தேரில் அவருக்கு உடம்பு சேர்ப்பார்கள். சுற்று வட்டார ஊர்களிலிருந்து உறுப்புகள் வரும். என் படத்தில் அவருக்கு முழு உடம்பு கொடுத்தேன். தாலி கட்டக் கை வேண்டுமே. கிரீடத்துக்குப் பின்னால் அவருடைய தாய் உலூபியின் வழிக்கு அடையாளமாகப் படமெடுத்த நாகம் ஒன்று. பின்னணி தஞ்சாவூர் வழக்கப்படியே: தூண்கள், பல்வளைவு மண்டபம், இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கட்டிய பச்சைத் திரை. தூண்களில் மட்டும் வாழைமரம் கட்டினேன்.

மோகினியின் முகத்துக்குத்தான் அதிக நேரம் போனது. பழைய ஓவியங்களில் வருகிற உருண்டை முகத்தை வைத்து ஒரு பென்சில் வரைவு கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"யாருடி இவ? நகைக்கடை விளம்பரத்துல வர்ற பொண்ணா?"

"மோகினிம்மா."

"மோகினி நம்மள்ல ஒருத்தி. தாடையப் பாரு, தோளைப் பாரு. கிருஷ்ணர் பொம்பளையா வந்தா அந்தத் தோள் எங்க போகும்?"

அவர் சொன்னது சரி. தோளை அகலமாக்கினேன். தாடையில் ஒரு சதுரம் வந்தது. கழுத்தில் இலேசான மேடு. மணிக்கட்டும் விரல்களும் பெரிதாயின. அந்த முகத்துக்கு எங்கள் வீட்டில் இருக்கிற பெண்கள் உட்கார்ந்து கொடுத்தார்கள். ஒருத்தியிடமிருந்து மூக்கு, இன்னொருத்தியிடமிருந்து கண், தாடை அம்மாவுடையது. எங்களைப் படத்தில் போடுகிறவர்கள் ஒன்று கேலியாகப் போடுவார்கள், இல்லையென்றால் எங்கள் உடம்பின் வரலாற்றைத் துடைத்துவிட்டு வழவழப்பாகப் போடுவார்கள். அழகு என்பது இந்தத் தாடையோடு சேர்ந்ததுதான். அதை வரையக் கற்றுக்கொண்டதற்கே இந்த வேலையைச் செய்தது தகும்.

நிறத்திலும் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. கிருஷ்ணரின் நீலத்தையே மோகினிக்கும் கொடுக்கலாம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்த தஞ்சாவூர் ஓவியர் சொன்னார். நான் எங்கள் நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன்: பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, மஞ்சள் காவி, துளி வெள்ளை. நீலத்தைப் புடவைக்குள் கொண்டுவந்தேன், மயில்கழுத்து நிறப் பட்டாக. கொண்டையில் ஒரே ஒரு மயிலிறகு. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கீழ் மூலைகளில் சிறு உருவங்கள் வைப்பது பழைய படங்களில் உண்டு, படத்தைச் செய்வித்தவர்கள் கைகூப்பி நிற்பதுபோல. இடது மூலையில் அம்மாவும் நாங்களும். வலது மூலையில் தலைப்பாகை கட்டிய ஒரு விவசாயி, மீசையோடு, கழுத்தில் மஞ்சள் கயிறோடு. கூவாகத்துக்கு வராதவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அந்தச் சுற்றுவட்டார ஆண்களும் வேண்டுதலுக்காகக் கூத்தாண்டவர் பேரில் தாலி கட்டிக்கொள்வார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து, கட்டிக்கொண்டு போவார்கள். ஊரில் யாரும் அதைக் கேலி செய்வதில்லை. ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் அப்படி என்று அடித்துப் பேசுகிறவர்கள் அந்த இரவில் ஒரு மணி நேரம் அங்கே நின்று பார்க்க வேண்டும்.

சரி, கண்ணாடிக்கு வருகிறேன். 14க்கு 18 அங்குலம், 4 மி.மீ. தெளிவுக் கண்ணாடி, ஓரம் தேய்த்து வாங்கியது. 3 மி.மீ. போதும் என்பார்கள். முன்பக்கம் வளையல் ஒட்டப் போவதால் கொஞ்சம் கனமாக எடுத்தேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் போதும். அதற்குப் பிறகு வரையும் பக்கத்தை விரல் தொடக்கூடாது. கை ரேகையின் எண்ணெய்ப் பசை போதும், பெயிண்ட் பிற்பாடு அந்த இடத்தில் உரிந்துவிடும். கைக்கு அடியில் ஒரு பழைய பருத்தித் துணியைப் போட்டுக்கொண்டே வரைந்தேன்.

அடுத்தது இடது வலது. பின்னாலிருந்து வரைவதால் முன்னால் எல்லாம் பக்கம் மாறித் தெரியும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி ஏறிய பிறகு பெண் மாப்பிள்ளைக்கு இடப்பக்கம் வருவாள். முன்னால் நின்று பார்ப்பவருக்கு அது வலப்பக்கம். வரைகிற எனக்கு மறுபடியும் இடப்பக்கம். டிரேசிங் பேப்பரில் படத்தை எடுத்து, அதை அப்படியே திருப்பிக் கண்ணாடிக்கு அடியில் ஒட்டிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் தானாகத் தீரும். சாமிப் படத்தில் இதை அலட்சியம் செய்ய முடியாது. திருச்செங்கோட்டு அர்த்தநாரீஸ்வரரை வரைகிறோம் என்று வையுங்கள். பேப்பரைத் திருப்பாமல் வரைந்தால் இடப்பாகத்து அம்பிகை வலப்பக்கம் போய்விடுவாள்.

வேலை செய்யும்போது முன்பக்கம் எப்படி வருகிறது என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மேசையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்து, அதற்கு மேல் நான்கு மரக்கட்டைகளில் ஓவியக் கண்ணாடியைத் தூக்கி வையுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். குனிந்து பார்த்தால் முன்பக்கம் கீழே தெரியும். டிரேசிங் பேப்பரை எடுத்த பிறகு, முகத்தில் வேலை செய்யும்போது இது இல்லாமல் முடியாது.

பெயிண்டுக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற சின்ன எனாமல் டப்பாக்களே போதும். நிறம் கலக்க ஆயில் பெயிண்ட் டியூப், மெலிதாக்க டர்பன்டைன். 000 நம்பர் பிரஷ் கோடுகளுக்கு, 2ம் 6ம் நிரப்புவதற்கு. ஒரு அடுக்கு நன்றாகக் காயாமல் அடுத்ததைப் போட்டால் கீழே இருக்கும் கோடு கரைந்து கலங்கும். ஒரு நாள் முழுக்க விடுங்கள். மழைக்காலம் என்றால் இன்னொரு நாளும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலகையில் கடைசியாகச் செய்வதெல்லாம் கண்ணாடியில் முதலில். மோகினியின் கண்ணை எடுத்துக்கொள்கிறேன். முதலில் கருமணிக்குள் மின்னுகிற வெள்ளைப் புள்ளி, குண்டூசித் தலையைவிடச் சின்னது. பக்கத்தில் மையிட்ட இமைக்கோடு, காதுப் பக்கம் இழுத்து முடித்தது. காய்ந்ததும் அந்தப் புள்ளியின் மேலேயே கருமணியைப் போட வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் புள்ளி மறைந்துவிடும். அடியில் வைத்த கண்ணாடியில் பார்த்தால் கண் திறந்திருக்கும். அடுத்து கருமணியைச் சுற்றி மெலிதாகப் பழுப்பு, அதற்கு மேல் விழியின் வெள்ளை. வெள்ளையில் துளி நீலம் சேர்த்தேன். இல்லையென்றால் காகிதம் ஒட்டியதுபோல் தட்டையாக நிற்கும். விழியின் மூலையில் ஒரு இழை சிவப்பு. அவள் அழப்போகிறவள், அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் இந்த நொடியில் அவள் கல்யாணப் பெண், அதனால் சிவப்பை அதற்கு மேல் கூட்டவில்லை. உதட்டின் ஓரத்தில் சிரிப்புக்கான கோட்டை இமைக்கோட்டோடு அதே நாளில் போட்டேன்.

கோடு தடித்துவிட்டால் பாதி காய்ந்த பதத்தில் பிளேடு முனையால் சுரண்டி எடுக்கலாம். மூங்கில் குச்சியைச் சீவி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, கண்ணாடியில் கீறல் விழாது. முகத்தின் நிழலும் அப்படித்தான்: தாடை ஓரம், மூக்கின் பக்கம், கழுத்து மேடு ஆகிய இடங்களில் அடர்ந்த பழுப்பை முதலில் மெலிதாகத் தீற்றி, காய்ந்த பிறகு அதற்குப் பின்னால் தோலின் நிறத்தை ஒரே சீராகப் பூச வேண்டும். அம்மாவின் தாடை அந்த ஒரு தீற்றலில்தான் வந்து உட்கார்ந்தது.

நகைகளுக்குப் பெயிண்ட் இல்லை. கம்மல், அட்டிகை, ஒட்டியாணம் எல்லாவற்றிலும் கோட்டை மட்டும் போட்டு உள்ளே வெறுமனே விட்டேன். கெம்புக் கல் வரும் இடத்தில் ஒளி ஊடுருவுகிற சிவப்பு கிளாஸ் கலர் ஒரு சொட்டு, பச்சைக் கல்லுக்குப் பச்சை. எல்லாம் முடிந்த பிறகு பின்னால் ஜிகினாத் தாளைக் கசக்கி, கொஞ்சம் விரித்து வைத்தால் முன்னாலிருந்து பார்க்கும்போது கல் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னும். தாளைத் தட்டையாக வைத்தால் அந்த மின்னல் வராது. கசங்கல்தான் வெளிச்சத்தைப் பல பக்கம் திருப்புகிறது. தாளை நேராகப் பெயிண்டின் மேல் ஒட்டாதீர்கள். ஓரங்களில் மட்டும் டேப் போடுங்கள். பழைய கண்ணாடி ஓவியங்களில் பின்னால் ஒட்டிய தாள் ஈரத்தில் சுருங்கிப் பெயிண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருவதைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பார்த்திருக்கிறேன்.

தாலிக்கு மட்டும் நிஜத் தங்க ரேக்கு. இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கண்ணாடியில் ரேக்கு ஒட்டுகிறவர்கள் ஜெலட்டின் கரைசலைப் பூசுவார்கள், பளபளப்பு நன்றாக வரும். ஜெலட்டின் மிருகங்களின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. பூஜை செய்கிற இடத்தில் மாட்டப்போகிற படம் என்பதால் அம்மா வேண்டாம் என்றார். வேலம்பிசினை வெந்நீரில் நீர்க்கக் கரைத்து, துணியில் வடிகட்டிப் பூசினேன். பளபளப்பு ஒரு மாற்றுக் குறைவுதான், ஆனால் பிடித்துக்கொண்டது. ரேக்கைக் கையால் தொட முடியாது, விரலிலேயே ஒட்டிக் கரைந்துவிடும். அகலமான பிரஷைக் கன்னத்தில் ஒரு தரம் தடவி, அந்தப் பசையில் ரேக்கைத் தொட்டெடுத்து, ஈரமான கண்ணாடிமேல் காட்டினால் அது தானாகத் தாவி ஒட்டும். காய்ந்ததும் மிச்சத்தைப் பஞ்சால் துடைத்து, பின்னால் ஒரு பூச்சு வார்னிஷ்.

தாலி கட்டும் கைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தூத்துக்குடியில் கோயிலில் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஆண், திருநங்கை தம்பதி தொடுத்த வழக்கில், இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணமகள் என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பு சொன்னது. அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். அரவானின் விரல்களை வரையும்போது அந்தத் தம்பதியை நினைத்துக்கொண்டேன். கோயிலில் கட்டிய தாலியைப் பதிவாளர் அலுவலகம் பதிவு செய்ய மறுத்துத்தான் அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதனால் அந்த முடிச்சு தெளிவாகத் தெரியும்படி வரைந்தேன். மூன்றாவது முடிச்சு விழுகிற நேரம்.

பெரிய நிறங்கள் கடைசியில்: பட்டு, திரை, தூண், தரை. இது வேகமாக நடக்கிற வேலை, பின்னால் கோடு தாண்டிப் போனாலும் முன்னால் தெரியாது. விளக்குப் பிடித்துப் பார்த்து ஊசித்துளை மாதிரி வெளிச்சம் வருகிற இடங்களை மட்டும் இன்னொரு கை பூசி அடைத்தேன்.

இனி வளையல்கள். அம்மாவின் கைக்கு 2-10 சைஸ் வேண்டும், அதாவது உள்விட்டம் இரண்டே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஃபேன்ஸி ஸ்டோர்களில் 2-4, 2-6 அடுக்கி வைத்திருப்பார்கள். 2-10 கேட்டால் ஒரு மாதிரி ஏற இறங்கப் பார்ப்பார்கள். கூவாகத்துத் திருவிழாக் கடைகளில் அந்தப் பார்வை இருக்காது. பெரிய சைஸ்தான் முன்வரிசையில் தொங்கும். அம்மா பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் அங்கே வாங்கியவை, சிவப்பும் பச்சையும். நம் ஊரில் விற்கிற கண்ணாடி வளையல்கள் பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்து ஃபிரோசாபாத்தில் செய்தவை. உருகிய கண்ணாடியை இழையாக இழுத்து, சுழலும் உருளையில் சுருளாகச் சுற்றி, சுருளை வெட்டி, வாய் திறந்த வளையங்களை ஒவ்வொன்றாகத் தீயில் காட்டி இணைப்பார்கள். அந்த இணைப்பு கையால் செய்வது. வளையலை வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தால் ஓரிடத்தில் சிறு தழும்பாகத் தெரியும்.

மண்டபத்தின் பல்வளைவு ஓரத்தில் அரை வளையல்களை வரிசையாகப் பதிப்பது என் திட்டம். மெதுவாக ஆற்றிப் பதப்படுத்திய கண்ணாடி இல்லை என்பதால் வளையலுக்குள் இறுக்கம் இருக்கும். கீறி ஒடித்தால் நினைத்த இடத்தில் உடையாது, நாலு துண்டாகச் சிதறும். சின்ன கை டிரில்லில் வைரத்தூள் பூசிய வட்டைப் போட்டு, ஆழமில்லாத தட்டுத் தண்ணீரில் வளையலை அமுக்கிப் பிடித்து, மெல்ல அறுக்க வேண்டும். தண்ணீர் சூட்டை எடுத்துவிடும், தூளும் பறக்காது. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க், கைக்குக் கையுறை கட்டாயம். டிரில்லின் மோட்டார் தண்ணீரில் படவே கூடாது. வட்டு மட்டும் தொட்டால் போதும், பேட்டரியில் ஓடுகிற டிரில் என்றால் இன்னும் நிம்மதி. முதல் வெட்டை இணைப்புத் தழும்பில் வையுங்கள். அங்கே வாய் திறந்ததும் உள்ளிறுக்கம் தளர்ந்துவிடும், எதிர்ப்பக்கத்தை அறுக்கும்போது சிதறுவது வெகுவாகக் குறையும். அறுத்த முனைகளை ஈர எமரித் தாளில் தேய்த்து மழுக்கினேன்.

ஒட்டுவதற்கு முன் படத்தைச் சட்டத்தில் ஏற்றிவிட வேண்டும். பெயிண்ட் பக்கம் எதன்மேலும் படாமல் தொங்கினால்தான் முன்பக்கம் நிம்மதியாக வேலை செய்யலாம். காரைக்குடியில் வாங்கிய பழைய தேக்குச் சட்டத்தை ஆசாரி ஒருவர் அளவுக்குக் குறைத்து, உள்ளே கால் அங்குலம் ஆழமான பள்ளம் எடுத்துக் கொடுத்தார். கண்ணாடிக்கும் பின் பலகைக்கும் நடுவே மெல்லிய மரப்பட்டிகள், காற்று தங்க இடம். பலகையின் ஓரங்களில் காகித டேப்.

வளையல் உருண்டை, கண்ணாடி தட்டை. இரண்டும் ஒரு கோட்டளவுதான் தொடும். தண்ணீர் மாதிரி ஓடுகிற பசை அங்கே நிற்காது. அமில வாசனை இல்லாத நியூட்ரல் சிலிகானை ஊசி முனையால் மெல்லிய கோடாக இழுத்து, மேலே வளையலை வைத்து, டேப் போட்டுப் பிடித்து, ஒரு இரவு விட்டேன். எபாக்ஸியும் பிடிக்கும், ஆனால் நாளாக நாளாக மஞ்சளாகும், வெயிலில் இறுகி விரிசல் விடும். சிலிகான் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வளையலின் அடியில் தங்க வேலைப்பாடு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் சுரண்டிவிடுங்கள். இல்லையென்றால் பசை பெயிண்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், பெயிண்ட் என்றைக்கு உரிகிறதோ அன்றைக்கு வளையலும் விழும்.

படத்தைக் கொண்டுபோன அன்று வீட்டில் கூட்டம். அம்மாவுக்குப் பாம்படுத்தி (பெரியவர்களுக்கு நாங்கள் சொல்லும் வணக்கம்) சொல்லிவிட்டு அவிழ்த்து வைத்தேன். யாரும் முதலில் சாமியைப் பார்க்கவில்லை. "இது என் மூக்கு", "அடியே, மூலையில நிக்கிறது நீதான்டி" என்று ஒரே சத்தம். அம்மா கிட்டே வந்து வளைவிலிருந்த தன் வளையல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, எது எந்த வருடத்துத் திருவிழாவில் வாங்கியது என்று சொல்லிக்கொண்டே போனார். சிலவற்றைச் சொல்லும்போது இப்போது இல்லாதவர்களின் பெயர்களும் வந்தன. அவர்களோடு போய் வாங்கியவை அவை. நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். வளையலின் வரிசைப்படி பெயர்களைப் பின் பலகையில் எழுதி வைத்திருக்கிறேன்; பலகையைக் கழற்றினால் மட்டும் தெரியும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை: நேர் வெயில் விழுகிற சுவர் வேண்டாம், மழைக்கு ஓதம் காக்கிற வெளிச்சுவரும் வேண்டாம். சட்டத்தின் பின் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். துடைக்கும்போது ஈரத் துணி கூடாது. வளையல்களுக்கு நடுவே சேரும் தூசிக்கு மென்மையான பிரஷ். சாம்பிராணி போடுகிறவர்கள் படத்துக்கு நேர் கீழே போடாமல் இருந்தால் கண்ணாடி மங்காது. எங்கள் வீட்டில் அதை மட்டும் யாரும் கேட்பதாக இல்லை, வாரம் ஒருமுறை நானே போய்த் துடைக்கிறேன்.

படத்தைப் பார்த்த தோழிகள் இருவர் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். வருடக்கணக்காக ஒன்றாக வாழ்கிறார்கள். 2023 அக்டோபரில் ஒரே பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, பதிவுச் சான்றிதழுக்குக் காத்திருக்காமல் கல்யாணப் படத்தையாவது மாட்டிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு பேரும் அரக்கு நிறப் பட்டு கேட்கிறார்கள். அடுத்தடுத்து அதே நிறம் வந்தால் கண்ணாடியில் உருவங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும் என்று சொல்லி, ஒருவருக்குக் கரையை அகலமாக்கலாம் என்றிருக்கிறேன். யார் இடப்பக்கம், யார் வலப்பக்கம் என்று அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது முடிவானால்தான் நான் டிரேசிங் பேப்பரைத் திருப்ப முடியும். கண்ணாடி வெட்டிக் கழுவித் தயாராக இருக்கிறது.